போனில் வைத்த பெயர்

காலையில் கடையைத் திறந்ததும் கண்ணாடிக்கடைக்காரர் முதலில் செய்யும் வேலை, சுவரில் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் துடைப்பது. மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் தங்கள் முகம் தெரியவேண்டும் என்று கடை முழுக்க மாட்டி வைத்திருந்தார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கும். திரையைப் பார்ப்பார், தனக்குத்தானே சிரித்துக்கொள்வார், அப்புறம்தான் எடுத்துப் பேசுவார்.

சிரிப்புக்குக் காரணம் உண்டு. அவருடைய போனில் ஒருவர்கூடச் சொந்தப் பெயரில் இல்லை. "அரைமணி" என்று வந்தால் அது குழாய் ரிப்பேர்க்காரர். எப்போது கூப்பிட்டாலும் "அரை மணியில வந்துடறேன்" என்பார், வரமாட்டார். "ஓசி ஃபிரேம்" என்பது மைத்துனர். மாடியில் குடியிருப்பவர் "நாள் முழுக்க ரேடியோ". மனைவி "எதிர்க்கட்சி". பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், எத்தனையோ வருடப் பழக்கம், அவர் "ஸ்க்ரூ லூஸ்".

இதை வைத்துக்கொண்டு அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. நேரில் பார்த்தால் எல்லோரையும் "வாங்க, உக்காருங்க" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர்தான். யார்மீதாவது எரிச்சல் வந்தால் வாயைத் திறக்காமல் போனை எடுத்துப் பெயரை மாற்றிவிடுவார். மனசு லேசாகிவிடும். சண்டையும் மிச்சம். தன் சட்டைப் பையில் கிடக்கிற போன், அதற்குள் என்ன எழுதினால் யாருக்கு என்ன என்பது அவர் கட்சி.

போன வருடம் அவருக்கு அழைப்புத் தொல்லை தாங்கமுடியவில்லை. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று யார் யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்போதுதான் ஹார்டுவேர் கடைக்காரர் தன் போனில் இருந்த ஓர் ஆப்பைக் காட்டினார்.

"காசே கிடையாதுண்ணே. தெரியாத நம்பரா இருந்தாலும் கூப்பிடறது யாருன்னு பேரோட காட்டிடும். எடுக்கவா வேண்டாமான்னு நாம முடிவு பண்ணிக்கலாம்."

கண்ணாடிக்கடைக்காரரின் போனில் அப்போது மகள் போட்டுக்கொடுத்த வேறோர் ஆப் இருந்தது. மகள் கணினி வேலையில் இருப்பவள். ஓப்பன் சோர்ஸ் என்று சொல்கிறார்களே, எப்படி எழுதப்பட்டது என்பதை யார் வேண்டுமானாலும் திறந்து படித்துப் பார்க்கக்கூடிய மென்பொருள், அதில் அவளுக்கு ஈடுபாடு அதிகம். எண்களைச் சேமித்து வைத்துக்கொள்ளும் அந்தச் சின்ன ஆப்பின் பொத்தான்களையும் வரிகளையும் தமிழில் எழுதிக்கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் தூங்கும்போது உட்கார்ந்து எழுதினாள். அப்பாவின் போனில் அதைப் போட்டுக்கொடுத்தபோது அவளுக்கு ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

"இதுல தெரியாதவங்க பேரு வரமாட்டேங்குதேம்மா" என்றார் அப்பா.

"வராதுப்பா. மத்தவங்க போன்ல இருந்து எடுத்தாத்தான் அந்தப் பேரெல்லாம் வரும். இது யாருகிட்டயும் எதையும் எடுக்காது. நெட் கனெக்‌ஷனே கேக்காது."

"இதைச் சும்மா குடுக்கறாங்கன்னு வேற சொல்ற. சும்மா குடுக்கறதுல ஏதாவது வில்லங்கம் இருக்கும்."

"அந்த ஆப்பையும் சும்மாதானேப்பா குடுக்கறான்? இதுக்குள்ள என்ன இருக்குன்னு யார் வேணும்னாலும் பார்க்கலாம். அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியவே தெரியாது. உங்க காண்டாக்ட்ஸ் மொத்தத்தையும் கேக்கும் பாருங்க."

"கேக்கட்டுமே. என்கிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்கு?"

அவர் மகளுடைய ஆப்பைத் தூக்கிவிட்டு மற்றதைப் போட்டுக்கொண்டார். அனுமதி தரலாமா என்று திரை ஏதோ நீளமாகக் கேட்டது. வாசலில் வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்தார். படிக்காமலேயே தட்டிவிட்டு எழுந்து போனார்.

இதெல்லாம் போன வருடத்துக் கதை. அவரும் மறந்துவிட்டார்.

ஒரு நாள் மத்தியானம் கடைக்கு ஒரு பெண்மணி வந்தாள். அவள் போட்டிருந்த கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பி முறிந்து, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் சுற்றியிருந்தது.

"சார், என்னை ஞாபகம் இருக்கா? உங்கம்மாவைப் பார்த்துக்கிட்டேனே."

"நர்ஸம்மா! மறப்பேனா? வாங்க, உக்காருங்க."

படுக்கையில் கிடப்பவர்களை வீட்டோடு இருந்து கவனித்துக்கொள்வது அவள் தொழில். அவருடைய அம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, புண் வராமல் காப்பாற்றி, மறுபடி நடக்கவைத்தவள் அவள்தான். அம்மா இப்போது அவருடைய தங்கை வீட்டில் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறாள்.

"இது ரொம்பப் பழசாயிடுச்சே. புதுசு போட்டுடலாமா?"

"இப்ப வேண்டாம் சார். இதையே சரி பண்ணிக் குடுங்க. கையில வேலை இல்ல."

"உங்களுக்கா வேலை இல்ல?"

அவள் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டே சொன்னாள். "என்னன்னே புரியல சார். முன்னாடியெல்லாம் ஒரு வீட்டு வேலை முடியறதுக்குள்ள அடுத்த வீட்டுல கேட்டுடுவாங்க. இப்பவும் தெரிஞ்சவங்க நம்பர் குடுக்கத்தான் செய்யறாங்க, கூப்பிட்டுப் பேசுங்கன்னு. நான் கூப்பிட்டா எடுக்கறதே இல்ல. எடுத்தாலும், 'வேற ஆள் போட்டாச்சு'ன்னு வெச்சுடறாங்க. என் குரல்ல ஏதாவது சரியில்லையோன்னு இப்பல்லாம் தண்ணி குடிச்சுட்டு, ரெண்டு தடவை தனியாப் பேசிப் பார்த்துட்டுத்தான் கூப்பிடறேன்."

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கேட்கவே கஷ்டமாக இருந்தது. இவ்வளவு பொறுப்பான ஆளுக்கு இந்த நிலைமையா என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். உடனே ஒரு யோசனையும் வந்தது. ஹார்டுவேர் கடைக்காரரின் அப்பா பக்கவாதம் வந்து படுத்திருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள நல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"கவலையே படாதீங்க. நான் சொல்லி வைக்கறேன். இந்தாங்க அவர் நம்பர், சாயங்காலம் கூப்பிடுங்க. எங்கம்மாவைப் பார்த்துக்கிட்டவங்கன்னு சொன்னாப் போதும், வேலை உங்களுக்குத்தான்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடிக்குப் புதுக் கம்பி வரவழைக்கவேண்டும் என்று அதை வாங்கி வைத்துக்கொண்டார். அவள் போனபிறகு அவருக்குத் தன்னைப்பற்றியே கொஞ்சம் நல்ல அபிப்பிராயம் வந்தது. ஒருவருக்கு வழி காட்டிவிட்டோம் என்ற திருப்தியில் அன்று தேநீர்கூட ருசியாக இருந்தது.

சாயங்காலம் ஹார்டுவேர் கடைக்காரர் போனைக் கையில் பிடித்தபடியே வந்தார்.

"அண்ணே, நீங்க சொன்ன ஆளு இதுவா பாருங்க."

திரையில், வந்து நின்றுபோன ஓர் அழைப்பு. அதன் மேல் சிவப்புப் பட்டை. பட்டைக்குள் இரண்டே வார்த்தை: வாட்ச் திருடி.

அந்த இரண்டு வார்த்தைகளை உலகத்தில் வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. அது கண்ணாடிக்கடைக்காரர் வைத்த பெயர்.

"நல்லவேளைண்ணே, இந்த ஆப் இருந்துச்சு. இல்லாட்டி அப்பா ரூம்ல கொண்டுபோய் விட்டிருப்பேன். அவர் மோதிரம், செயின் எல்லாம் அங்கதான் கிடக்கு. பாவம், உங்களையே நல்லா ஏமாத்தியிருக்கா."

"யாராவது... தெரியாமப் போட்டிருப்பாங்க தம்பி."

"சிவப்புல காட்டினா, நிறையப் பேரு புகார் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். ஒண்ணும் இல்லாமலா இத்தனை பேரு அழுத்துவாங்க?"

சொல்லியிருக்கலாம். "தம்பி, அதை எழுதினவன் நான்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எப்போதும் போல் தலையை ஆட்டி வைத்தார். ஹார்டுவேர் கடைக்காரர், "நீங்க ரொம்ப வெள்ளந்திண்ணே" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். கண்ணாடிக்கடைக்காரர் தலையைத் திருப்பினார். அந்தப் பக்கம் அவர் முகம் தெரிந்தது. இந்தப் பக்கம் திரும்பினார். இங்கேயும் தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கடையைச் சீக்கிரமே சாத்தினார்.

வீட்டில் மகளிடம் பட்டும் படாமலும் விசாரித்தார். "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் போன்ல ஒருத்தங்களை 'வாட்ச் திருடி'ன்னு வெச்சிருந்தாராம். அது வேற ஒருத்தர் போன்ல சிவப்புல வருதாம். அது எப்படிம்மா?"

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார்.

"அந்த ஆப்புக்கு அனுமதி குடுத்த அன்னிக்கே உங்க போன்ல இருந்த அத்தனை நம்பரும், நீங்க வெச்ச பேரோட, அவங்க கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சுப்பா. அதுதான் அவங்க வியாபாரமே. உங்க போன்ல இருந்து எடுத்து ஊருக்குக் காட்டறான். ஊர்ல இருந்து எடுத்து உங்களுக்குக் காட்டறான்."

"எல்லாரும்தான் எல்லார் பேரையும் வெச்சிருப்பாங்க. நான் வெச்ச பேரு மட்டும் எப்படி?"

"அவங்க நம்பரை வெச்சிருக்கற மத்தவங்ககிட்ட இந்த ஆப் இல்லாம இருந்திருக்கும். உங்க பேருதான் மாட்டிச்சு. ஒரு தடவை 'திருடி'ன்னு திரையில பார்த்தவங்க புகார் பொத்தானை அழுத்தியிருப்பாங்க. அதைப் பார்த்து அடுத்தவங்க. அப்புறம் சிவப்பாயிடும்."

பேசிக்கொண்டே அவள் பெயர்களைத் தள்ளிக்கொண்டு போனாள். சட்டென்று விரல் நின்றது. அவளுடைய எண். "கணக்குல முட்டை." பள்ளியில் ஒரு பரீட்சையில் கணக்கில் சுழியம் வாங்கி வந்தபோது செல்லமாக வைத்த பெயர்.

"செல்லத்துக்கு வெச்சதும்மா" என்றார் அவர், குரல் இறங்கி.

"தெரியும்பா. என் மேனேஜர் போன்லயும் இந்த ஆப் இருக்கு. இந்தப் புது ஆபீஸ்ல நான் சேர்ந்த அன்னிக்குக் கூப்பிட்டப்ப ரொம்ப நேரம் சிரிச்சாரு. ஏன்னு எனக்கு இப்பதான் தெரியுது."

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. போனைப் பார்த்தபடியே, "யாருப்பா அந்த வாட்ச் திருடி?" என்று கேட்டாள்.

சொல்லவேண்டியதாயிற்று. அம்மா படுக்கையில் இருந்த சமயம், இறந்துபோன அப்பாவின் கைக்கடிகாரம் காணாமல் போனது. அம்மா அதைத் தலைமாட்டிலேயே வைத்திருப்பாள். அந்த அறைக்குள் போய் வந்த வெளியாள் நர்ஸம்மா ஒருத்திதான். நேரில் கேட்டால் வேலையை விட்டுப் போய்விடுவாள், வேறு ஆள் கிடைப்பது கஷ்டம். ஆகவே கேட்கவில்லை. போனை எடுத்துப் பெயரை மாற்றிவிட்டு, சிரித்த முகத்தோடு அவளை வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் வாட்ச் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"யாருக்குக் கிடைச்சுது?"

அவர் சுவரைப் பார்த்தார். "அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க. தலையணை உறையை மாத்தறப்ப உள்ள இருந்துச்சுன்னு என் கையிலேயே கொண்டுவந்து வெச்சாங்க."

"அதுக்கப்புறமும் நீங்க பேரை மாத்தல."

மாற்றவேண்டும் என்று நினைத்ததுண்டு. அவள் கூப்பிட்டபோதெல்லாம் அந்தப் பெயர் திரையில் வந்தது. வந்தபோதெல்லாம், அட, இதை மாற்றவேண்டுமே என்று நினைத்தார். நினைத்ததோடு சரி. யார் பார்க்கப் போகிறார்கள் என்ற அலட்சியம்.

"என் போன்ல இருந்து இந்த ஆப்பைத் தூக்கிட்டாப் போயிடுமா?"

"உங்க போன்ல இருந்து போகும். அங்க இருக்கறது போகாது. நம்பருக்குச் சொந்தக்காரங்க கேட்டாத்தான் எடுப்பாங்க. அவங்க போனுக்கு ஒரு ஓடிபி நம்பர் வரும், அதைப் போடணும்."

"அப்ப அவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணுமா?"

"சொல்லித்தான் ஆகணும்பா."

சொல்லாமல் முடித்துவிட ஒரு வழி இருப்பதாக அவருக்கு மறுநாள் காலையில் தோன்றியது. நல்ல மனிதர்களுக்கும் இந்த மாதிரி யோசனைகள் வரத்தான் செய்கின்றன. ஆப்காரர்களின் இணையப் பக்கத்தில் அவளுடைய எண்ணைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"நர்ஸம்மா, நம்ம கடையில பழைய வாடிக்கையாளருக்கு ஒரு பரிசுத் திட்டம் வெச்சிருக்கோம். உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் சொல்லுங்க."



"சார், இதை யார் கேட்டாலும் சொல்லாதீங்கன்னு அதுலயே போட்டிருக்கே. தப்பா நினைச்சுக்காதீங்க, எனக்குப் பயமா இருக்கு. வேண்டாம் சார், பரிசு வேற யாருக்காவது குடுத்துடுங்க." பிறகு தயங்கி, "உங்க பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டேன் சார். அவரும் எடுக்கல" என்றாள்.

கண்ணாடிக்கடைக்காரர் போனை வைத்தார். பரிசு விழுந்திருக்கிறது, நம்பரைச் சொல்லுங்கள் என்று தினமும் கூப்பிட்டு ஏமாற்றுகிறவர்களை அவரே எத்தனை முறை திட்டியிருக்கிறார். வார்த்தைக்கு வார்த்தை அவர்களைப் போலவே பேசியிருந்தார். அவள் பயந்தது அவரைப் பார்த்து. திருடி என்று எழுதினவர், இப்போது திருடன் மாதிரியே கேட்டுவிட்டார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

காலையில் வந்த புதுக் கம்பியைப் போட்டுச் சரி செய்த கண்ணாடியை உறையில் போட்டுக்கொண்டு கடையைப் பூட்டினார். அம்மாவைப் பார்த்துக்கொண்டபோது சம்பளம் கொண்டுபோய்க் கொடுத்த நாளிலிருந்தே விலாசம் தெரியும்.

ஒற்றை அறை. ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன் மேல் பழைய போர்வை விரித்து நர்ஸம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளியாட்களின் துணி. சட்டைகள் மடித்து ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. அவரைப் பார்த்ததும் நாற்காலியில் கிடந்த துணிகளை அவசரமாக எடுத்து இடம் பண்ணினாள்.

"நீங்களே கொண்டுவந்தீங்களா சார்? சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

அவர் உட்காரவில்லை. கண்ணாடியைக் கொடுத்தார். அவள் போட்டுக்கொண்டு தெளிவாக அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். கடிகாரம், பெயர், ஆப், சிவப்புப் பட்டை, பக்கத்துக் கடைக்காரர் காட்டியபோது வாயைத் திறக்காமல் நின்றது, காலையில் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தாள்.

"அப்ப என் குரல்ல ஒண்ணும் இல்ல" என்றாள்.

தேய்த்து முடித்த சட்டையை மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

"அந்த வாட்ச்சை எடுத்துக் குடுத்ததே நான்தானே சார்."

"ஆமாம்மா."

"குடுத்தப்புறமும் அந்தப் பேரு அப்படியேவா இருந்துச்சு?"

"ஆமாம்மா."

"காலையில பரிசுன்னு சொன்னீங்களே. ஒரு தப்பை எடுக்கறதுக்கும் பொய்தான் சொல்லணுமா சார்?"

கூனிக்குறுகி நின்றார். திட்டித் தீர்த்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். அவள் அமைதியாகக் கேட்கக் கேட்க, தரை வழி விட்டால் தேவலை என்று இருந்தது. பெயரை எடுக்கச் சொல்லும் பக்கத்தை அவள் போனிலேயே திறந்து காட்டினார். வந்த எண்ணை அவளே ஒவ்வொன்றாக அழுத்தினாள். கோரிக்கை ஏற்கப்பட்டது என்றும், எல்லாப் போன்களிலிருந்தும் மறைய நாளாகலாம் என்றும் வந்தது.

"இதுல இருந்து எடுத்துட்டீங்க. இதைப் படிச்சாங்களே, அவங்க மனசுல இருந்து யாரு சார் எடுக்கறது?" போனை அவரிடம் நீட்டினாள். "உங்க பக்கத்துக் கடைக்காரரை இதுல இருந்து கூப்பிடுங்க."

கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அந்தப் பக்கம் துண்டித்தார்கள். மறுபடி கூப்பிட்டார். இந்த முறை உடனே துண்டித்தார்கள். தினமும் நாலு தடவையாவது தன்னை "அண்ணே" என்று கூப்பிடுகிற மனிதர், தன்னுடைய அழைப்பை, யார் என்றே கேட்காமல் வெட்டிவிடுகிறார். போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார்.

"எனக்கு இத்தனை மாசமா இப்படித்தான் சார் இருந்துச்சு" என்றாள் அவள். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "நான் துணியை நாலு மணிக்குள்ள குடுக்கணும்."

ஹார்டுவேர் கடையில் அந்த நேரத்தில் நல்ல கூட்டம். ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தார் கடைக்காரர். பெயின்ட் வாங்க வந்த ஒருவர், குழாய் வாங்க வந்த தம்பதி, எல்லோரும் நின்றார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அந்தப் பெயரை ஊரே பார்க்கும்படி வைத்தவருக்குத் தனியிடம் ஒரு கேடா என்று அவருக்கே தோன்றிவிட்டது.

"தம்பி, உங்க போன்ல 'வாட்ச் திருடி'ன்னு வந்துச்சே, அதை எழுதினவன் நான்தான். அந்தம்மா எதையும் திருடல. காணாமப் போன வாட்ச்சைத் தேடி எடுத்து என் கையில குடுத்தவங்க அவங்க. நேத்து நீங்க காட்டினப்ப வெட்கப்பட்டுக்கிட்டுச் சும்மா நின்னுட்டேன்."

தராசு ஆடி நின்றது.

"நீங்களா? நீங்க உங்க போன்ல எழுதினது எனக்கு எப்படிண்ணே வரும்?"

"நீங்களும் நானும் போட்டிருக்கோமே, அந்த ஆப் வழியாத்தான். மறைக்கறதுக்கு என்கிட்ட என்ன இருக்குன்னு அனுமதி குடுத்தேன் தம்பி. என்கிட்ட ஒண்ணும் இல்லதான். ஆனா என் போன்ல இருந்தது எதுவும் என்னோடது இல்ல. எல்லாம் மத்தவங்க நம்பரு, மத்தவங்க மானம். என்னை நம்பிக் குடுத்து வெச்சது. அவங்களை ஒரு வார்த்தை கேக்காம அள்ளிக் குடுத்துட்டேன். சும்மா கிடைக்குதுன்னு நாம ஒரு பொத்தானை அழுத்தறோம், அதுக்கு விலை வேற யாரோ குடுக்கறாங்க. அந்தம்மா தன் வேலையையே விலையாக் குடுத்துட்டாங்க."

குழாய் வாங்க வந்த பெண் தன் கைப்பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தாள். ஹார்டுவேர் கடைக்காரர் தட்டிலிருந்த ஆணிகளைத் திரும்பப் பெட்டியில் கொட்டிவிட்டு, "என்னை என்ன பேர்ல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் போனை நீட்டினார். அவர் படித்தார். முகம் சிவந்து, பிறகு மெல்ல இறங்கியது.

"அப்பாவுக்கு இன்னிக்குக் காலையிலதான் வேற ஆள் போட்டேன். இனிமே அவங்களைப் போகச் சொல்ல முடியாதுண்ணே."

"தெரியும் தம்பி. அதைக் கேக்க நான் வரல."

ஹார்டுவேர் கடைக்காரர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "என் போன்லயும் இந்த மாதிரிப் பேரெல்லாம் கிடக்கு" என்று முணுமுணுத்தார். தன்னை என்ன பேரில் வைத்திருக்கிறார் என்று இவர் கேட்கவில்லை.

அந்த வாரம் கண்ணாடிக்கடைக்காரர் தெரிந்த மருத்துவர்களிடமும் வாடிக்கையாளர்களிடமும் போய் நர்ஸம்மாவைப்பற்றிச் சொன்னார். சொன்னபோதெல்லாம், அவளுக்கு வேலை கிடைக்காமல் போனதற்குத் தான்தான் காரணம் என்பதையும் சேர்த்தே சொன்னார். சிலர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிலர் அவரை வேறு மாதிரி பார்த்தார்கள். ஒரு வீட்டில் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போன மாதங்களுக்கு யாரும் எதுவும் செய்ய முடியாது.

மகளிடம் போய், "அந்தப் பழைய ஆப்பையே போட்டுக் குடும்மா" என்று கேட்டார். அவள் போட்டுக்கொடுத்தாள். திறந்ததும் திரையில், "உங்கள் தொடர்புகள் இந்தக் கைபேசியை விட்டு வெளியே போகாது" என்று வந்தது. அந்த வரியைத் தமிழில் எழுதியது மகள்தான். போன வருடம் அது அவர் கண்ணில் பட்டிருக்கவில்லை.

பிறகு உட்கார்ந்து பெயர்களை மாற்ற ஆரம்பித்தார். "அரைமணி", "ஓசி ஃபிரேம்", "ஸ்க்ரூ லூஸ்" எல்லாம் போயின. மகளின் பெயரை மகளாகவே எழுதினார். மனைவியைக் கேட்டார். "என்னோடதை அப்படியே விட்டு வைங்க, அது நிஜம்தானே. ஆனா வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது" என்றாள் அவள்.

கடைசியில் நர்ஸம்மாவின் எண்ணுக்கு வந்தார். இருந்த இரண்டு வார்த்தைகளை அழித்தார். புதிதாக எழுத விரலை வைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மாவை அத்தனை நாள் குளிப்பாட்டியவள். ஒரே வீட்டில் சாப்பிட்டவள். அவளுக்கு ஒரு பெயர் இருக்கும் என்று கேட்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை. திருடி என்று எழுதத் தெரிந்த விரலுக்கு அவள் பெயர் தெரியவில்லை.

அவளைக் கூப்பிட்டார்.

"நர்ஸம்மா, கேக்கவே கூச்சமா இருக்கு. உங்க பேரு என்னம்மா?"



"எதுக்கு சார்? எங்கயாவது குடுக்கவா?"

"இல்லம்மா. என் போன்ல எழுதறதுக்கு மட்டும். உங்களைக் கேக்காம வேற எங்கயும் போகாது."

அவள் சொன்னாள். அவர் அதை நிதானமாக எழுதி, ஒரு தடவை படித்துச் சரிபார்த்துச் சேமித்தார்.

அந்தப் பெயரை நானும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று அவளை நான் கேட்கவில்லை.